வண்டிக்கு நூறு, வருஷத்துக்கு எவ்வளவு?

திருநெல்வேலிச் சீமையில் எந்தச் சாலையில் போனாலும் கொஞ்ச தூரத்துக்குள் ஒரு 'வாட்டர் சர்வீஸ்' பலகை கண்ணில் பட்டுவிடும். தகரக் கூரை, சிமென்ட் தளம், நடுவில் காரைத் தூக்கும் லிஃப்ட், ஓரத்தில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, சுவரில் சுருட்டி மாட்டிய ஓஸ். பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் தாமிரபரணியை ஒட்டியே பஸ்ஸில் போவது, வழியில் இந்தக் கடைகளில் இறங்கி உட்கார்ந்து பேசுவது என்று கிளம்பினேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 125 கிலோமீட்டர். இந்த நீளத்துக்குள் தண்ணீரை விசையோடு பீய்ச்சி அழுக்கை எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வருஷத்துக்கு என்ன சம்பாதிக்கிறார்கள், கூலியை எப்போது உயர்த்துகிறார்கள், அடுத்த வருஷத்துக்கு என்ன எண்ணியிருக்கிறார்கள் என்று கேட்பதுதான் நோக்கம்.

எங்கே கேட்டாலும் பதில் நாள்கணக்கில்தான் வந்தது. "நல்ல நாள்ல மூவாயிரம் ஓடும் அண்ணாச்சி. மழை பேஞ்சா ஒண்ணும் கெடையாது." வருஷத்துக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் ஓஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்கள். கூலி வண்டிக்கு வண்டி வாங்கப்படுகிறது. வாடகை, கரண்ட், மோட்டார் ரிப்பேர், வட்டி எல்லாம் வருஷம் முழுக்க, மழைநாளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டையும் யாரும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. இந்தத் தொழிலின் வறுமைக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று பயணத்தின் போக்கில் எனக்கு உறுதிப்பட்டது.

பாபநாசத்தில் ஆறு மலையை விட்டு வெளியே வருகிறது. மேலே காரையாறு அணை. அதன் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி. கீழே 1944 முதல் ஓடும் நீர்மின் நிலையம். அதற்கும் முன்னால், 1880-களில், ஹார்வி சகோதரர்கள் இந்த நீரின் விசையை நம்பித்தான் இங்கே நூற்பாலை வைத்தார்கள். விக்கிரமசிங்கபுரம் என்கிற ஊர் வளர்ந்ததே அதனால்தான். நீரின் விசையை விற்றுப் பிழைப்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை.

கழுவும் எந்திரக்காரர்கள் விசையை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். பத்து மீட்டர் உயரமுள்ள தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். காரையாறு அணை நிரம்பி நிற்கும்போது அதன் அடிமட்டத்தில் நாலு பாருக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஒரு பையன் கையில் பிடித்திருக்கும் கன் நூறு பார் அடிக்கிறது. அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். அதில் பாதிக்குச் சற்று மேலிருந்து ஒரே குழாயில் நேராக இறக்கினால் கிடைக்கிற விசை அது. நாள் முழுக்க அந்த விசையைக் கையில் தாங்கி நிற்பதற்கு எவ்வளவு கூலி நியாயம் என்பதை யோசிக்கும்போது இந்தக் கணக்கும் மனதில் இருக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் தோள்பட்டை இறங்கிவிடும் என்றார் ஒருவர். விரல் இடுக்குகளில் எப்போதும் சேற்றுப்புண். ஈரத்தில் நிற்பவர்களுக்கு அது ஆறுவதே இல்லை.

பாபநாசத்தில் கோயில் படித்துறையை ஒட்டி ஐந்நூறு மீட்டருக்குள் சோப்பு, ஷாம்பு விற்கக் கூடாது, பரிகாரம் என்று துணிகளை ஆற்றில் விடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வேன்களை ஆற்றுக்குள்ளேயே இறக்கிக் கழுவியது ஒரு காலம். அந்தப் பழக்கம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வண்டி சாலையோரக் கடைக்கு வருகிறது. ஆனி, ஆடியில் குற்றாலம் சீசன், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டம், கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் சபரிமலை போய்த் திரும்பும் வேன்கள். மேற்குப் பக்கக் கடைகளுக்கு வருஷத்தின் வரவு இந்த மூன்றை நம்பித்தான்.

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம் ஒரு கடையில் நெடுநேரம் உட்கார்ந்தேன். புருஷன் கழுவுகிறார், மனைவி ஓரமாக ஒரு மேஜை போட்டு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். வேலைக்கு இரண்டு பையன்கள். அந்த அம்மாவிடம்தான் முதல்முறையாக வருஷக் கணக்கு பற்றிப் பேச முடிந்தது. "அவ்வோ கிட்ட கேக்காதீய. அவ்வோளுக்கு வண்டி நம்பர்தான் ஞாபகம் இருக்கும்" என்று சொல்லி நோட்டைத் திறந்தார்கள். கடைக்குக் கடை சில நூறுகள் முன்னே பின்னே இருக்கும் என்பதால், எண்களை முழுமையாக்கி ஒரு மாதிரிக் கணக்கு போட்டோம்.

ஒரு நாளைக்குப் பைக் பன்னிரண்டு, நூறு ரூபாய் வீதம். கார் நாலு, நானூறு வீதம். ஆக 2,800 ரூபாய். மழை, கல்யாணம், எழவு, மோட்டார் ரிப்பேர், வண்டியே வராத நாள் எல்லாம் கழித்தால் வருஷத்தில் உருப்படியாக 270 நாள். மொத்த வரவு 7,56,000.

இதைக் கேட்டதும் புருஷன் முகம் மலர்ந்தது. ஏழரை லட்சம் தன் கையில் புரண்டது என்பதே அவருக்குப் புதுசு.

பிறகு செலவு. பையன்கள் இருவருக்கும் ஆளுக்கு 600 ரூபாய் கூலி, 270 நாளைக்கு 3,24,000. வாடகை மாதம் எட்டாயிரம் என்றால் 96,000. கரண்ட் மாதம் நாலாயிரம், 48,000. ஷாம்பு, டீசல், பாலிஷ், துணி எல்லாம் சேர்த்து 60,000. மோட்டாருக்குக் காயில் கட்டியது, பம்புக்கு சீல் மாற்றியது, ஓஸ், நாசில் என்று 40,000. கடன் வட்டியும் எந்திரத் தேய்மானமும் 36,000. கூட்டினால் 6,04,000. மிச்சம் 1,52,000. மாதத்துக்கு 12,700 கூட இல்லை.

கணக்கை முடித்ததும் அந்த அம்மா ஒன்றைக் கவனித்தார்கள். 270 நாளும் வேலைக்கு வருகிற ஒரு பையன் வருஷத்துக்கு வாங்குவது 1,62,000. முதல் போட்டு, கடன் வாங்கி, காலை ஏழு மணிக்கு ஷட்டர் திறக்கிற முதலாளிக்கு அதைவிடப் பத்தாயிரம் குறைவு. நோட்டு போடுகிற அவர்களுடைய உழைப்புக்குக் கணக்கில் ஒரு பைசாவும் இல்லை.

"அப்ப கூட்ட வேண்டியதுதானே?" என்றேன்.

"கூட்டுனா வண்டி வராதுல்லா" என்றார் புருஷன். அந்தப் பயம் ஆற்றின் இரு கரையிலும் எல்லாக் கடையிலும் இருக்கிறது. அடுத்த கடைக்காரன் பத்து ரூபாய் குறைத்து வைத்திருப்பான். தவிர, வருகிறவர்கள் எல்லாம் முகம் தெரிந்தவர்கள். சொந்தக்காரர், மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார், தெருவில் எதிரே வருகிறவர். "இருபது வருஷமா வாராவ. அவ்வோகிட்ட எப்படிக் கேக்க?"

அதே தாளில் தொடர்ந்து எழுதினோம். நூறை நூற்றுப் பத்தாகவும் நானூறை நானூற்று நாற்பதாகவும் ஆக்கினால் வருஷ வரவு 75,600 கூடும். செலவு கூடாது, கழுவுகிற வண்டி அதேதான். கையில் நிற்பது 1,52,000-லிருந்து 2,27,600 ஆகிவிடும். விலையில் பத்து சதவீதம் ஏற்றம், வீட்டுக்குப் போகும் பணத்தில் ஏறத்தாழ ஐம்பது சதவீத ஏற்றம். கோபித்துக்கொண்டு பதினொரு வண்டிக்கு ஒரு வண்டி வராமல் போனாலும் பழைய வரவு அப்படியே இருக்கும். தண்ணீரும் ஷாம்புவும் தோள்பட்டையும் மிச்சம்.

இதற்கு மறுபக்கம்தான் அச்சமூட்டுவது. விலையைத் தொடாமல் விட்டு, செலவு மட்டும் வருஷத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால் என்ன ஆகும்? மூன்றாம் வருஷ முடிவில் மிச்சம் 36,000 சொச்சம். நாலாம் வருஷம் ஆறாயிரத்துக்கு மேல் நஷ்டம். ஒரு வண்டியும் குறையவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, கடையில் கூட்டமும் இருக்கிறது. ஆனாலும் கடை மூழ்கிவிட்டது. 'நல்லாத்தானே ஓடிட்டிருந்தது' என்று ஊரார் சொல்லும் கடைகள் திடீரென்று பூட்டிக் கிடப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஆறு சதவீதம் என்று சும்மா வைக்கவில்லை. 2014-க்குப் பிறகு எட்டு வருஷம் ஏறாமல் கிடந்த மின்கட்டணத்தைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரேயடியாக ஏற்றியது. கடைக்காரர்கள் எல்லோரும் அதிர்ந்து போனார்கள். அந்த உத்தரவிலேயே இனி ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசி உயர்வு அளவுக்கோ ஆறு சதவீதத்துக்கோ, எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் ஏறும் என்று எழுதிவிட்டார்கள். வணிக இணைப்புகளுக்கு 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது. கரண்ட் பில் தரும் பாடத்தை வாட்டர் சர்வீஸ்காரர் எடுத்துக்கொள்ளலாம். எட்டு வருஷம் பொறுத்திருந்து எகிறுவதைக் காட்டிலும் வருஷா வருஷம் ஐந்து பத்து ஏற்றுவது வாடிக்கையாளருக்கும் நல்லது. முடிதிருத்தும் கடைகளில் சங்கம் அச்சடித்த விலைப்பட்டியல் தொங்குகிறது, தேதியோடு மாறுகிறது, யாரும் சண்டைக்குப் போவதில்லை. சுவரில் எழுதியிருந்தால் முகத்தைப் பார்த்துக் கேட்கிற சங்கடம் இல்லை. நான் நுழைந்த வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெரும்பாலானவற்றில் விலைப் பலகையே கிடையாது.

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று பஸ் வந்தது. இருபுறமும் கால்வாய்ப் பாசனத்து நெல். வழியில் பத்தமடை. அங்கே நல்ல பட்டுப்பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் உள்ள விலை வித்தியாசத்தை எந்தப் பெண்ணும் தயங்காமல் சொல்கிறார். கோரையை எவ்வளவு மெல்லிதாகக் கிழித்தோம், எத்தனை நாள் நெய்தோம் என்று காட்டுகிறார். தன் வேலையில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் விலை சொல்லக் கூச்சப்படுவதில்லை.

திருநெல்வேலியில் அந்தத் தெளிவோடு ஒரு இளைஞரைப் பார்த்தேன். பொறியியல் படித்தவர், சென்னையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். 1843-ல் சுலோசன முதலியார் கட்டிய பாலத்தைத் தாண்டி வண்ணார்பேட்டை வழியாகப் புறவழிச்சாலைக்குப் போனால் அவர் கடை. கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, வெளியே நுரை அடிக்கிற துப்பாக்கி, சுவரில் பெரிய விலைப் பலகை: சின்ன கார், டிக்கி வைத்த கார், எஸ்.யு.வி. ஒவ்வொன்றுக்கும் வெறும் தண்ணீர், நுரை, உள்ளே வேக்குவம் என்று மூன்று விலை. கீழே 'தை 1 முதல்' என்று தேதி. வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தேதியில்தான் மாற்றுகிறார். மார்கழி முழுக்கப் புது விலையையும் பழைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துவிடுகிறார்.

"மொத வருஷம் சிலபேரு திட்டிட்டுப் போனாவ சார். ரெண்டாவது வருஷம் அவ்வோளே, 'என்னப்பா, இந்தத் தையில எவ்வளவு?'ன்னு கேக்காவ."

ஆயுத பூஜைக்கு முந்தின ரெண்டு நாளும் ஊரே வண்டியைக் கழுவ வரும். அன்றைக்கு இரட்டை விலை வாங்குகிற கடைகள் உண்டு. அவர் வாங்குவதில்லை. அந்த நாளுக்கு டோக்கன் கொடுத்து, முந்தின வாரமே வந்தால் விலையைக் குறைக்கிறார். கூட்டத்தைப் பரப்பிவிடுவதால் பையன்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை நிற்க வேண்டியதில்லை. நியாயமும் வியாபாரமும் ஒன்றாகச் சேருகிற இடம் இது.

அவருடைய கவலை வேறு. சேவைத் தொழிலில் வருஷ வரவு இருபது லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அவர் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறார். தாண்டினால் பில்லில் பதினெட்டு சதவீதம் சேர்க்க வேண்டும்; கார் கழுவ வரும் வீட்டுக்காரருக்கு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, அவருக்கு அது வெறும் விலையேற்றம். அல்லது ஐம்பது லட்சம் வரைக்குமான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து ஆறு சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டலாம். அதை வாடிக்கையாளரிடம் வரியாக வாங்க முடியாது. இருபத்திரண்டு லட்சம் ஓட்டினால் அந்த ஆறு சதவீதம் 1,32,000. பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு வளர்ந்தால் கூடுதல் மூன்று லட்சத்தில் ஆட்கூலியும் வரியும் போக வீட்டுக்கு முன்னைவிடக் குறைவாகவே போகலாம். "வளர்றதுன்னா முப்பதுக்குப் போகணும். இல்லன்னா பத்தொம்பதுலயே நல்லா இருக்கணும். நடுவுல நிக்கக் கூடாது." வளர்ச்சி இலக்கு பற்றி இந்தப் பயணத்தில் கேட்ட மிகத் தெளிவான பேச்சு இது.

முப்பதுக்குப் போக அவர் கார்களை நம்பவில்லை. வருஷ ஒப்பந்தங்களைத் தேடுகிறார். பள்ளி திறக்கும் முன் மே மாதத்தில் பள்ளிப் பேருந்துகளை வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள் ஆய்வு செய்வார்கள். அதற்கு முன் பேருந்து முழுக்கக் கழுவியாக வேண்டும். லாரிகளுக்கு எஃப்.சி. எடுக்கும்போதும் அப்படித்தான். அடுக்ககங்களின் தண்ணீர்த் தொட்டி, வண்டி நிறுத்தும் தளம், கல்யாண மண்டபச் சமையல்கட்டு, மொட்டைமாடிச் சூரியத் தகடு. தகட்டில் புழுதி படிந்தால் மின்சாரம் குறையும் என்பதால் மாதா மாதம் வேலை உண்டு. ஆனால் அங்கே நூறு பார் அடித்தால் ஓரத்து சீல் பிய்ந்துவிடும். மெல்லிய விசையும் மென்மையான பிரஷும் போதும். விசையைக் கூட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், குறைக்கத் தெரிந்தவருக்குத்தான் ஒப்பந்தம் கிடைக்கும் என்று சொன்னார்.

மேலைநாடுகளில் இந்தத் தொழில் பெரும்பாலும் வீட்டுச் சுவர், நடைபாதை, கூரை கழுவுவதுதான். ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1950-ல் சுடுநீரை உயர் அழுத்தத்தில் அடிக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு அங்கே அது பரவியது. பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து வேலை நின்றுபோகும் ஊர்களில் இருப்பவர்கள், ஒன்பது மாத வரவில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். அதனால் அவர்களுக்கு வருஷக் கணக்கு கட்டாயம். சதுர அடிக்கு விலை சொல்கிறார்கள். நமக்குப் பனி இல்லை. ஐப்பசி, கார்த்திகை இருக்கிறது. அந்த அடைமழை வாரங்களை யாரும் விலைக்குள் கணக்கு வைப்பதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் திருநெல்வேலியைத் தாண்ட முடியாது. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் முப்பத்தேழரை ரூபாய்க்குப் போகிறது என்ற செய்தி இந்த ஊரைக் கொதிக்க வைத்தது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியாகித் தடையும் நீங்கியது. லிட்டர் மூன்றே முக்கால் பைசா என்கிற அந்த விலையை வாட்டர் சர்வீஸ் கடைக்குப் பொருத்திப் பார்த்தேன். நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர் அடிக்கிற கன் பத்து நிமிஷம் ஓடினால் ஒரு காருக்கு நூற்றைம்பது லிட்டர். அந்த விலையில் ஐந்து ரூபாய் அறுபது பைசா. நானூறு ரூபாய் பில்லில் ஆற்றின் பங்கு அவ்வளவுதான். அதையும் சொந்தப் போர் வைத்திருப்பவர் தருவதில்லை.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது இதைவிட முக்கியம். எண்ணெயும் கிரீஸும் சேறும் கலந்த அந்தத் தண்ணீரைப் பல கடைகள் ஓடையில் விடுகின்றன. ஓடை ஆற்றுக்குப் போகிறது. ஆறுதான் நாலு மாவட்டத்துக்குக் குடிதண்ணீர். மூன்று அறை வைத்த தொட்டி கட்டினால் முதல் அறையில் மண் படியும், இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும், மூன்றாவதிலிருந்து தெளிந்த நீரை எடுத்து வண்டியின் அடிப்பாகத்துக்கு மறுபடி அடிக்கலாம். பெரிய செலவில்லை. காருக்குப் பத்து ரூபாய் சேர்த்து வாங்கினால், நாளைக்கு நாலு கார் என்ற கணக்கில் வருஷத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறு வரும். சில வருஷத்தில் தொட்டிச் செலவு கழிந்துவிடும். விலையை ஏற்றப் பயப்படுகிற கடை தொட்டியும் கட்டாது. மலிவான கழுவலின் மிச்சச் செலவைக் கீழ்க்கரை ஊர்கள் குடிக்கின்றன.

பாளையங்கோட்டையிலிருந்து செய்துங்கநல்லூர் வழியாக ஸ்ரீவைகுண்டம். இங்கே யாரிடம் என்ன பேசினாலும் பேச்சு 2023 டிசம்பர் 17, 18-க்கு வந்துவிடுகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீரில் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினார்கள். ஏரல் கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எல்லா வீட்டிலும் கடையிலும் வண்டல். அது காயும் முன் அடித்து எடுக்க வேண்டும், காய்ந்தால் சிமென்ட்.

அந்த வாரத்தில் எந்திரம் வைத்திருந்தவர்களுக்கு வந்த வேலைக்கு அளவில்லை. கரண்ட் இல்லாததால் மின்மோட்டார் வைத்தவர்கள் கை கட்டி நின்றார்கள். பெட்ரோல் எஞ்சின் வைத்தவர்கள் மட்டும் இறங்கினார்கள். கேட்ட காசைக் கொடுக்க ஆள் இருந்தது. கேட்டவர்களும் இருந்தார்கள். நான் சந்தித்த ஒருவர் பழைய கூலிக்கே செய்திருக்கிறார். முடியாத வீடுகளில் பெட்ரோல் காசு மட்டும். ஏன் என்று கேட்டேன். "அந்த வருஷம் சித்திரையிலேயே கூலியைக் கூட்டிட்டேன் அண்ணாச்சி. கையில கொஞ்சம் இருந்துச்சு. இல்லாட்டி நானும் கேட்டுருப்பேன்."

இந்தப் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன். ஒழுங்காக வருஷத்துக்கு ஒருமுறை விலை ஏற்றுபவரால்தான் ஊர் அழுகிற நேரத்தில் விலையைப் பிடித்து வைத்திருக்க முடிகிறது. நல்ல மனசுக்கும் கொஞ்சம் மிச்சம் வேண்டியிருக்கிறது. எப்போதும் குறைந்த விலைக்கு வேலை செய்பவரைப் பாராட்டுகிறோம். அவருடைய பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்தார் என்று கேட்பதில்லை.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து முக்காணி வந்தேன். திருச்செந்தூர் - தூத்துக்குடி சாலை. காற்றிலேயே உப்பு தெரிகிறது. உப்பு உற்பத்தியில் தமிழ்நாட்டில் முதலிடம் தூத்துக்குடிக்கு. உப்பு ஏற்றும் லாரிகளின் பாடியும் பட்டையும் பிரேக் பைப்பும் துருப்பிடித்து உதிரும். லாரிக்காரருக்குக் கழுவுவது அழகுக்கு இல்லை, வண்டியின் ஆயுளுக்கு. ஆகவே இங்கே விலை பேசும் முறையே வேறு.

லாரி கழுவும் கடைக்காரர் ஒருவர் அறுபதை நெருங்குகிறவர். போர்த் தண்ணீர் உப்பு. அதை வைத்து உப்பைக் கழுவினால் பிரயோஜனம் இல்லை. ஆற்றுப்பக்கத்து நல்ல தண்ணீரை டேங்கரில் வாங்குகிறார். தண்ணீருக்குக் காசு கொடுப்பதாலேயே அவருக்கு ஒவ்வொரு நாசிலின் அளவும் தெரியும், ஒவ்வொரு லிட்டரும் கணக்கு. வேலைக்கு நாலு பேர். நாளைக்கு எட்டு லாரி, வருஷத்துக்கு முந்நூறு நாள், ஆக 2,400 கழுவல் என்று எடுத்த எடுப்பில் சொன்னார். ஆற்றங்கரை நெடுக வருஷக் கணக்கை மனப்பாடமாகச் சொன்ன ஒரே ஆள்.

அடுத்த வருஷத்துக்கு என்ன எண்ணம் என்று கேட்டேன். இன்னொரு கடை, புது லிஃப்ட் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் மடக்கினார். நாலு பேர் கூலியையும் 650-லிருந்து 750 ஆக்க வேண்டும். முந்நூறு நாளைக்கு 1,20,000. ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டு அந்த நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். 52 வாரத்துக்கு 1,56,000. மூன்று அறைத் தொட்டி கட்ட ஒன்றரை லட்சம்; மூன்று வருஷத்தில் பங்கிட்டால் வருஷத்துக்கு 50,000. மொத்தம் 3,26,000. அதை 2,400-ஆல் வகுத்தால் லாரிக்கு 136 ரூபாய். சில வண்டி குறையும் என்று வைத்து 150. தொள்ளாயிரம் இனி ஆயிரத்து ஐம்பது.

எனக்குத் தெரிந்த எல்லாக் கடையிலும் விலையிலிருந்து தொடங்கி, மிஞ்சியதை வைத்து வருஷத்தை ஓட்டுகிறார்கள். இவர் வருஷத்திலிருந்து தொடங்கி விலைக்கு வந்திருக்கிறார். அதுவும் தன் பங்கை அந்தக் கணக்கில் சேர்க்காமல்.

"உங்களுக்கு?" என்றேன்.

"என் சம்பளத்தைப் போன வருஷமே விலைக்குள்ள வச்சுட்டேன். மாசம் முப்பது. அத எடுத்துட்டுத்தான் மத்ததெல்லாம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு உப்பு லாரி உள்ளே வந்து மேடை ஏறியது. டிரைவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டியபடி வழக்கமான நோட்டுகளை எடுத்தார். கடைக்காரர் அவரை உட்காரச் சொல்லி, தை பிறந்தால் ஆயிரத்து ஐம்பது என்றும், ஞாயிறு கடை கிடையாது என்றும், முதலாளியிடம் இப்போதே சொல்லிவிடும்படியும் சொன்னார். டிரைவர் கொஞ்ச நேரம் லாரியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"சொல்லிருதேன் அண்ணாச்சி. ஆனா பட்டைக்கு இடுக்குல பொடி உப்பு இருந்துச்சுன்னா நான் துட்டு தர மாட்டேன், பாத்துக்கிடுங்க."

"இருந்தாத் தராதே" என்றார் அவர். பையன் கன்னை எடுத்து மோட்டாரைப் போட்டான்.